காற்று நுழைந்த இடம்

பம்பு கம்பெனியில் கசிவு பார்ப்பதுதான் என் வேலை. பம்பின் கூட்டுக்குள் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சம்பளத்தில்தான் டூரிங் பைக் வாங்கினேன். ஓட்டுவதும் நான்தான். கணவர் பின்னால் உட்கார்ந்து வருவார்.

போன வருடம் கொடுமுடி போய்விட்டுத் திரும்பும்போது, கருமத்தம்பட்டி தாண்டி ஒரு சிக்னலில் நின்றோம். ஆக்சிலேட்டரை முழுக்க விட்ட பிறகும் சத்தம் அடங்கவில்லை. ஆயிரத்து முந்நூறில் நிற்க வேண்டிய இன்ஜின் வேக முள் இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. வேண்டுமென்றே முறுக்குகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வேன்காரர் முறைத்தார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அங்கிருந்தவர் என் கணவரைப் பார்த்து, "வண்டி என்னங்க சார் பண்ணுது?" என்றார். இவரும், "சும்மா நிக்கறப்பவே ரேஸ் ஆகுதுங்க" என்றார். த்ராட்டில் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரை மாட்டி ரீசெட் செய்து கொடுத்தார்கள். இரண்டே நாளில் பழையபடி ஆனது. அடுத்த முறை சென்சார் மாற்றினார்கள். அதற்கும் அடங்கவில்லை. மூன்றாம் முறை போனபோது, "மேடம் கையை முறுக்கியே வெச்சிருப்பாங்களோ என்னமோங்க" என்று சொல்லிச் சிரித்தார் அவர். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டையும் பக்கத்து மூடிகளையும் நானே கழற்றினேன். வண்டியை ஓடவிட்டு, துணி தேய்க்கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பாக அடித்துப் பார்த்தேன். த்ராட்டிலையும் இன்ஜினையும் சேர்க்கும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் தண்ணீர் பட்டதும் சத்தம் சட்டென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. அங்கேதான் வெளிக்காற்றை இழுக்கிறது; தண்ணீர் பட்டால் அந்த வழி கொஞ்ச நேரம் அடைபடுகிறது. கணவரைக் கூப்பிட்டு, இரண்டு தடவை அடித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சொன்னேன். "ரப்பர்ல அப்படியெல்லாம் வராதுங்க மேடம்."

கணவர் அதையே, என் வார்த்தைகளிலேயே, திருப்பிச் சொன்னார்.

"அப்படீங்களா சார்? கழட்டிப் பாத்துப்போடலாங்க."

குழாயின் அடியில் நகத்தால் கீறியது போல ஒரு விரிசல் இருந்தது. அதை என் கணவரிடம் கொண்டுவந்து நீட்டி, "நீங்க சொன்னது சரிங்க சார். எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி அடிச்சுப் பாத்தேனுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அவங்கிட்ட வெளக்கிட்டா இருக்க முடியும்? ஆரு சொன்னா என்ன கண்ணு, வேலை முடிஞ்சுதல்ல."

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அவர் உட்கார்ந்துகொண்டு, பாட்டிலை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே அடிக்க வேண்டும் என்று கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்பிளைக்கு மெக்கானிக் மூளைங்க" என்றார் எதிரில் இருந்த பெரியவர். இவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. நான் சாப்பிட்டதாகப் பேர் பண்ணி இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

புதுக் குழாய் போட்ட பிறகு வண்டியில் ஒரு குறையும் இல்லை. எங்களுக்குள்ளும் சண்டை கிடையாது. நான் எதையாவது கண்டுபிடித்தால் அவரிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். அது அவருக்கு இன்னும் தெரியவில்லை.