எதிர்வரிசையில் நின்ற சுவீடன்காரர்

மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த மறுவருஷம் அந்தச் சுவீடன்காரர் வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. கருமணலைக் காந்தத்தால் பிரிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கம்பெனியில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இங்கிலீஷ்காரர்கள். அவர்கள் பங்களா விருந்துக்கு இவரைக் கூப்பிடமாட்டார்கள். கையில் கிரீஸ் அப்பியவர், இங்கிலீஷ் சரியாக வராதவர் என்று ஒரு இளக்காரம். அவருக்கு ‘ஜ’ வராது. ஜாக்கெட்டை யாக்கெட் என்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்ததால் எங்களுக்குள் பேச்சு சுலபமாகப் போயிற்று.

வேலை முடிந்ததும் கம்பெனிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளியில் நாங்கள் பந்து விளையாடுவோம். பாதிப்பேர் கடற்கரைக்காரர்கள், மீதிப்பேர் கம்பெனித் தொழிலாளிகள். என்னைப்போல உள்நாட்டிலிருந்து வந்த மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள் இரண்டொருவர். காப்டன் கடற்கரைக்காரன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாகக் கட்டுமரங்கள் இருந்தன. என் வயதுதான் அவனுக்கும். கோலுக்கு முன்னால் காலை அகட்டி அவன் நின்றால் பந்தும் தாண்டாது, ஆளும் தாண்டமாட்டான். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த செய்தி கேட்டு, நெய்யூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தவன் அவன். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவன்தான் அந்த இடத்தில் இருந்தான்.

ஒரு சாயங்காலம் சுவீடன்காரர் வரம்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, “நானும் வரலாமா?” என்று கேட்டார். மணல் சுட்டதில் கொக்கு மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வலப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. அவர் ஓடவில்லை. இரண்டடி பின்னால் போனார், உடம்பைச் சாய்த்தார், அவ்வளவுதான். எங்கள் கோல்காரன் திரும்பிப் பார்க்கும்போது பந்து அவனுக்குப் பின்னால் கடலைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது.

“யாருலே இவன்?” என்றான் காப்டன்.

அவர் யார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நான்தான் தெரிந்துகொண்டேன். துறைமுகப் பட்டணம் ஒன்றில் கயிறு திரிக்கிறவருடைய மகன். பதினெட்டு வயதில் அந்த ஊரின் பெரிய அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரராகிவிட்டார். அவர் நாட்டில் விளையாட்டுக்குக் கூலி வாங்குவது குற்றம். ஆனாலும் அணிக்காரர்கள் சப்பாத்து வாங்க என்று சொல்லி இவர் கையில் ஏதோ திணிப்பார்களாம். பக்கத்தில் ஆடிய சிநேகிதன் ஒருவன் மேலிடத்தில் அதைச் சொல்லிவிட்டான். அத்தோடு சொந்த நாட்டு மைதானங்கள் எல்லாம் அவருக்கு அடைபட்டன. கப்பலேறி அமெரிக்கா போய், ஒரு கப்பல் கட்டும் தளத்து அணிக்கு வெளிப்படையாகவே சம்பளத்துக்கு ஆடினார். காலையில் பட்டறை, சனிக்கிழமை பந்து. மெஷின் வேலை அங்கே கற்றதுதான். முழங்கால் ஒருமுறை பிசகியது. பின்பு அந்த அணியையே கலைத்துவிட்டார்கள். அப்புறம் கப்பல் கப்பலாக வேலை பார்த்து, கொழும்பு வழியாக எங்கள் கடற்கரையில் வந்து நின்றிருந்தார்.

“காட்டிக்கொடுத்தவன்மேல் கோபம் இல்லையா?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“சாட்சி சொல்லப் போகிற அன்றைக்குக் காலையிலும் எனக்குக் கை கொடுத்தான். சொல்லிவிட்டு வந்தும் கை கொடுத்தான். அந்த இரண்டாவது கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை,” என்றார்.

அவர் நடுவில், நான் அவருக்கு இடப்பக்கம். மூன்று பருவம் அப்படி ஆடினோம். பந்து என் காலுக்கு வந்தால் நான் அவரைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே இருப்பார் என்று நினைத்து உருட்டிவிட்டால் அங்கே இருப்பார். அதைப் பழக்கம் என்று சொன்னால் போதாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நடப்பது போன்ற ஒரு தைரியம் அது. குளச்சல் அணியைத் தோற்கடித்தோம். அஞ்சுகிராமத்தில் போய் ஜெயித்துவிட்டு விடிய விடிய பாட்டுப் பாடிக்கொண்டு மாட்டுவண்டியில் திரும்பினோம். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு வியாபாரி வைத்த கோப்பைக்கு இறுதி ஆட்டம் வரை போய்விட்டோம். எதிரணி மலைத்தோட்டத்துத் துரைமார்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள்.

அந்த வாரம் சுவீடன்காரர் விளையாட வரவில்லை. காப்டனிடம் கேட்டேன்.

“மெஷினு கேடாயிப் போச்சாம் மக்கா. ராத்திரியும் பகலும் அதுலதான் கெடக்காரு. பந்துகளிக்கு வந்திருவாரு, நீ பேடிக்காண்டாம்,” என்றான்.

ஆபீசில் உட்கார்ந்திருந்தால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அந்த வாரமும் கேட்டது. காதில் விழுந்ததை விட்டுவிட்டு அவன் சொன்னதை நம்பினேன்.

நாகர்கோவில் மைதானத்தில் அன்று சரியான கூட்டம். கடற்கரையிலிருந்து பெண்கள்கூட வந்திருந்தார்கள். துரைமார்கள் வரிசையாக இறங்கினார்கள். நடுவில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ, அவர்களுடைய கோடு போட்ட சட்டையில், காலில் பூட்ஸுடன் அவர் வந்தார். நான் முதலில் அது அவரைப்போல இருக்கும் வேறு யாரோ என்று எண்ணினேன். கண்ணில்பட்டதை மனசு ஏற்கவில்லை. துரைமார்களின் முன்வரிசை ஆட்டக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்றும், எங்கள் கம்பெனி மானேஜர் அவர்களுக்குச் சிநேகிதர் என்பதால் இவரைக் கொடுத்துவிட்டார் என்றும் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் அவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காப்டனைத்தான் பார்த்தார்.

முதல் கோல் நான் போட்டேன். அவரை ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறியில் போட்டது. அதன்பிறகு நடந்தது எல்லாம் அவர் கையில். பந்தைப் பின்னால் தள்ளுமுன் நான் ஒரு கணம் தரையைப் பார்ப்பேன். அது எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தலை குனிந்த அந்தக் கணத்தில் நுழைந்து பந்தைப் பறித்து, சமன் செய்தார். இரண்டாவது கோலும் அவருடையதே. எங்கள் கோல்காரன்மேல் மோதி விழுந்துகொண்டே அதைப் போட்டார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பழைய முழங்கால். கூட்டம் கெட்ட வார்த்தையில் கூவியது. ஓடிப்போய் அவரை முதலில் தூக்கியவன் எங்கள் காப்டன். எதிரிக்கும் இரங்குகிற மனசு என்று அப்போது நான் பெருமைப்பட்டேன். கோப்பை துரைமார்களோடு போயிற்று.

அவரை நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம்தான். நான் நலம் விசாரிக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். கால் முழுவதும் கட்டோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்ததுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்றேன்.

“மானேஜர் உத்தரவு. உங்கள் ஆட்கள் சம்மதித்தால்தான் ஆடுவேன் என்று சொன்னேன். உங்கள் காப்டன் என் அறைக்கு வந்தான். எல்லாருக்கும் சம்மதம் என்றான். உன் பெயரைச் சொல்லியும் தனியாகக் கேட்டேன். அவனுக்கும் சம்மதம் என்று சொன்னான்.”

“பொய்.”

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்படியானால் உன்னிடம் யாருமே சொல்லவில்லையா?” என்றார்.

“உங்கள் ஊர்ச் சிநேகிதன் ஒருவன் இரண்டு முறை கை கொடுத்தான் என்றீர்களே. அவன் இங்கேதான் படுத்திருக்கிறான்,” என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கே கடற்கரைக்குப் போனேன். காப்டன் மணலில் வலையை விரித்துக்கொண்டிருந்தான். சுவீடன்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். வலையை விட்டுவிட்டு எழுந்து வந்து என் தோளில் கை போட்டான்.

“மாதாவாணே எனக்கொண்ணும் தெரியாது மக்கா. வெள்ளக்காரன் கடசீல வெள்ளக்காரன் கூடத்தான் சேருவான். அவனுக்க பேச்சக் கேட்டா எனக்கிட்ட வந்திருக்க?”

நான் வெட்கப்பட்டுப் போனேன். அவனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

சுவீடன்காரருடைய முழங்கால் பிறகு மடங்கவேயில்லை. மெஷினுக்கு அடியில் குனிய முடியாத ஆளைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. ஊன்றுகோலோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வண்டியேறிப் போனார் என்று காவல்காரன் வந்து சொன்னான். எங்கள் அணியும் ஒரு வருஷத்தில் சிதறிப்போயிற்று. நான் நாகர்கோவிலில் வேறொரு அணிக்குக் கொஞ்சகாலம் ஆடினேன். பந்து காலுக்கு வந்ததும் நிமிர்ந்து யார் எங்கே என்று தேடுவேன். அதற்குள் யாராவது பறித்துவிடுவார்கள். பிறகு நானே நிறுத்திக்கொண்டேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனிக்குப் புது மானேஜர் வந்தார். வந்த சில மாதத்தில் கடற்கரையை அளந்து வேலிக்கல் நட ஆரம்பித்தார்கள். அதில் கட்டுமரங்களை ஏற்றி வைக்கிற கரையும் போயிற்று. ஒருநாள் காலை காப்டன், இப்போது அந்தக் கரைக்கே தலைவன், இரண்டு பெரியவர்களோடு ஆபீசுக்கு வந்தான். மானேஜருக்குத் தமிழ் தெரியாது. எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

காப்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “நான் செல்லுகத அப்படியே செல்லு மக்கா. ஒண்ணும் விடாண்டாம்,” என்றான். பிறகு மானேஜரைப் பார்த்துப் பேசினான்.

“முன்னால இருந்த சாயிப்பு எனக்கு வாக்குத் தந்திருக்காரு. நாகர்கோயில் களிக்கு எங்க சுவீடன்காரன மலைக்காரங்களுக்கு விட்டுக் குடுத்தா, மரம் ஏத்துக கரையில வேலி வராதுன்னு சொன்னாரு. நான் விட்டுக் குடுத்தேன். மத்தவங்களுக்கும் சம்மதம்னு அந்த ஆளுகிட்ட நாந்தான் போய்ச் சொன்னேன். அவனும் களிச்சான். இப்பம் வேலி வருகு.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் இடத்தில் வைத்து, எதையும் விடாமல் சொன்னேன். என் வாயிலிருந்து வருகிற சொற்களை வேறு யாரோ பேசுவது மாதிரி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அந்த ஆளுகிட்ட நாந்தான் போய்ச் சொன்னேன்’ என்ற இடத்தில் எனக்கு இங்கிலீஷ் அடைத்துக்கொண்டது. மானேஜர் பென்சிலால் மேசையைத் தட்டி, “என்ன சொல்கிறான்?” என்றார். அதையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஒரு பந்தாட்டத்துக்காகக் கடற்கரையா? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேள்.”

எழுத்தில் ஒன்றும் இல்லை. போகலாம் என்று கை காட்டினார்.

வெளியே புன்னைமரத்து நிழலில் காப்டன் எனக்காகக் காத்து நின்றான். பெரியவர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“மாதாவாணேன்னு சொன்னியே,” என்றேன்.

“சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துலயும் சாமியாருகிட்ட அதச் சொல்லியாச்சு.”

“சாமியாருகிட்ட சொன்ன. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? கரைக்காகன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? கோப்பையக் கொண்டு நான் என்ன செய்யப் போறேன்?”

 அவன் கோபமோ வருத்தமோ இல்லாமல், பலநாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான்: “நீ கம்பெனி ஆளு மக்கா. கம்பெனி நாற்காலியில இருக்க. ஒனக்க காதுல விழுந்தா அது எங்க போய்ச் சேரும்னு எனக்கெப்படித் தெரியும்?”

“நான் உனக்க வீட்டுல சோறு தின்னவன்.”

“தின்ன. இல்லன்னா சொன்னேன்?”

“அந்த மனுசன் உண்மையத்தான் சொல்லியிருக்காரு. கால் ஒடஞ்சி கெடந்தவர நான் காட்டிக்குடுத்தவன்னு சொல்லிட்டு வந்தேன். நீ எனக்க தோளுல கைபோட்டு ஒண்ணும் தெரியாதுன்னுட்டியே.”

“அவன் போற ஆளு. நாங்க இஞ்ச கெடந்து சாவ வேண்டியவங்க,” என்றான். நான் அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று பகல் முழுவதும் ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

வேலி வந்தது. கட்டுமரங்களைப் பக்கத்து ஊர்க் கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்க்காரர்களோடு அடிபிடி நடந்து, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதில் காப்டனுடைய தம்பியும் ஒருவன். காப்டன்மேல் எனக்கு இருந்த கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளவும் அது விடவில்லை. கரை போய்விடும் என்று பயந்து அவன் செய்தது நியாயமே என்று ஒரு மனசு சொல்லும். அவ்வளவு வருஷமும் என் பக்கத்தில் நின்று சிரித்தவன் என்னை ஒருநாளும் தன் ஆளாக எண்ணவில்லையே என்று இன்னொரு மனசு சொல்லும். இரண்டாவது குரல்தான் எப்போதும் உரத்துக் கேட்டது.

சுவீடன்காரரைப்பற்றி விசாரித்துப் பார்த்தேன். கொழும்பில் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறார் என்றார் ஒருவர். சொந்த ஊருக்கே போய்விட்டார் என்றார் இன்னொருவர். இருவருக்கும் நிச்சயமில்லை. ஒரு நாட்டில் விரட்டப்பட்டு, இன்னொரு நாட்டில் சம்பளத்துக்கு ஆடி, எங்கள் மணலில் வெறுங்காலோடு ஆடிய அந்த மனிதர் கடைசியாக உதைத்த பந்து நாகர்கோவிலில் எங்கள் கோலுக்குள் போனதுதான். அதற்குப் பிறகு அவர் காதில் விழுந்தது எங்கள் ஜனங்களுடைய வசவும், ஆஸ்பத்திரியில் நான் சொன்ன சொல்லும்.

அந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காப்டன் வீட்டிலிருந்து நெய்மீன் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். கொண்டுவந்த பெண்ணுக்கு என் மனைவி பலகாரம் கொடுத்து அனுப்பினாள். தேங்காய் அரைத்து மணக்க மணக்கக் குழம்பு வைத்தாள். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்றேன்.

“ஒடம்புக்கு ஆகலியா?” என்று கேட்டாள்.

“ஆமா,” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.