முன் பிரேக்கைத் தளர்த்தச் சொன்னவர்கள்

வண்டி ஓடவில்லை என்றால் வாடிக்கையாளர் வந்து திட்டுவார். வண்டி நிற்கவில்லை என்றால், வந்து திட்டுவதற்கு அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் பைக் மெக்கானிக் தொழிலில் உள்ள சங்கடம்.

என் பெயர் செல்வம். அடையாறு சாஸ்திரி நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சென்னையில் இரண்டு சக்கரத்தில் போகிற நீங்களும் நானும் ஒரே கட்சி. மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, சாக்கடை மூடி, வழுக்கும் வெள்ளைக்கோடு, தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் பள்ளம், இத்தனையையும் தாண்டித்தான் நாம் தினமும் வீடு போய்ச் சேருகிறோம். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மூன்று சுற்று

மந்தைவெளி மாமா ஒருவர் உண்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். "செல்வம், முன் பிரேக்கை லூஸ் பண்ணி விட்டுடு. மழை நாள்ல அதைப் பிடிச்சா தூக்கி அடிச்சுடும்."

இவர் ஒருவர் மட்டும் இல்லை. மழை தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு பேராவது இதே வேண்டுகோளோடு வருவார்கள். வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் பிரேக் கேபிள் வந்து முடியும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். அதை மூன்று சுற்று தளர்த்தினால் போதும், வலது கைப் பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தப்பு என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாமெல்லாம் முன்னால் சாய்கிறோமே, அதுபோல வண்டியின் பாரமும் முன்சக்கரத்தில்தான் போய் இறங்கும். தரையைக் கெட்டியாகப் பிடிப்பதும் அந்தச் சக்கரம்தான். மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நானும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

"பின்னாடி ஒண்ணு இருக்கோன்னோ, அது போறும்டா!"

கடற்கரை மணல்

ஸ்டெல்லா டீச்சர் பெசன்ட் நகரில் இருக்கிறார். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். அவருடைய ஸ்கூட்டர் பழையது. இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடெல்லாம் அதில் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக என் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை.

ஒருநாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். கடற்கரைச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்த இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துச் சறுக்கிவிட்டாராம். அவர் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பார்த்துவிட்டதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம். முன் பிரேக்கைத் தளர்த்திவிடச் சொன்னார். மணலில் வெடுக்கென்று பிடித்ததுதான் தப்பு, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நான் விளக்கியிருக்க வேண்டும். அன்று கடையில் நாலு வண்டி வரிசையில் நின்றது. டீச்சருக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மூன்று சுற்று தளர்த்திக் கொடுத்தேன். வண்டியைக் கிளப்பியவர் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னார்.

"இப்பதான்பா எனக்கு உயிரே வந்துது."

ஐஸ் தண்ணீர்

அதே வாரம் ஏழுமலை வந்தான். ஊரூர் குப்பத்துக்காரன், என் வயதுதான். மொபெட்டின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவன். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஓயாமல் பின்சக்கரத்தில் ஒழுகும். உப்பும் ஈரமும் சேர்ந்து பின் பிரேக்கை அரித்துவிடும். மாதம் ஒருமுறை பின் பிரேக்கைப் பிரித்துத் துருவைச் சுரண்டிக் கொடுப்பது என் வேலை.

மழையில் இவன் எப்படி ஓட்டுகிறான் என்று எனக்கே ஆச்சரியம். கேட்டேன். தண்ணீரில் இறங்கி ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே பத்தடி போவானாம், அதற்குள் உள்ளே காய்ந்துவிடுமாம். முன்னால் போகும் வண்டியிலிருந்து ஒரு ஆட்டோ நீளம் தள்ளியே போவானாம். வளைவில் பிரேக்கைத் தொடவே மாட்டானாம், வளைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவானாம். இதையெல்லாம் கேட்டபோது டீச்சரின் வண்டி எனக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனைக்கூட எடுத்தேன். அதற்குள் இன்னொருவர் வந்து பஞ்சர் என்றார். ஏழுமலை மொபெட்டின் முன் பிரேக்கைத் தட்டிக்கொடுத்தான்.

"இது மட்டும் இல்லன்னா நைனா, இந்நேரம் நான் செவுத்துல போட்டோவா தொங்கிக்கினு இருப்பேன்."

முதல் மழை

கோடை முழுக்கச் சாலையில் சிந்திய எண்ணெயும் தூசியும் முதல் மழையில்தான் மேலே மிதந்து வரும். நன்றாகக் கொட்டி ஒரு மணி நேரம் போனால் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த முதல் அரைமணி நேரத் தூறல்தான் மோசம். டீச்சர் பள்ளி விட்டு வந்தது சரியாக அந்த நேரத்தில். அடையாறு பாலத்தை விட்டு இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. டீச்சர் இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. முன்சக்கரம் எதுவும் நடக்காததுபோல உருண்டுகொண்டே போனது. வலது கையை ஊன்றி விழுந்தார்.

பின்னால் வந்த ஏழுமலைதான் அவரைத் தூக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றி, கூட ஒரு அம்மாவையும் உட்காரவைத்து மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறான். மொபெட்டை அங்கேயே பூட்டிவிட்டு, டீச்சர் சொன்னபடி ஸ்கூட்டரை என் கடைவரை தள்ளிக்கொண்டு வந்தான். வந்து நிறுத்தியதும் வலது பிரேக்கை இரண்டு தடவை அழுத்திக் காட்டினான். பிடி கைப்பிடியைப் போய் முட்டியது. "இன்னா நைனா இது? முன்னாடி பிரேக்கே இல்லாம டீச்சருக்கு வண்டி குடுத்துக்கிறே?" என்றான். விழுந்த வேகத்தில் கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் குனிந்து கேபிளை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கேபிளு நல்லாத்தான் கீது."

நான் முடுக்கிய நட்டு

அவன் தலை மறைந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? டீச்சர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை மூன்று சுற்று முடுக்கினேன். யாராவது வந்து பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு நாள் கழித்து டீச்சரின் கணவர் வந்தார். சாதுவான மனிதர். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, நரம்பிலும் அடி, விரல்களுக்குப் பிடிமானம் திரும்புமா என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். "பிரேக்கெல்லாம் சரியா இருந்துதா செல்வம்?" என்று கேட்டார். நான் வலது பிரேக்கை அழுத்தி, சக்கரம் அசையாமல் நிற்பதைக் காட்டினேன். "பாத்துக்குங்க சார்" என்றும் சொன்னேன். என் பொய் போய் யார் தலையில் விழும் என்று அந்த நிமிஷம்வரை நான் யோசிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப அவதான் சரியாப் பிடிக்கல போல."

அழித்த கணக்கு

அந்த வாக்கியத்தோடு நான்கு நாள் கிடந்தேன். ஐந்தாம் நாள் பெசன்ட் நகருக்குப் போனேன். டீச்சர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், முழங்கைவரை மாவுக்கட்டு. கணவரும் பக்கத்தில் இருந்தார். நான் உட்காரவில்லை. தளர்த்தியது, முடுக்கியது, ஏழுமலையிடம் சொன்னது, சாரிடம் காட்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முன் பிரேக் இருந்திருந்தால் விழுந்திருக்கவே மாட்டார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எண்ணெய் மிதந்த சாலை அது. ஆனால் அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்தார், ஒன்றுதான் வேலை செய்தது. அதையும் சொன்னேன்.

கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். தளர்த்தச் சொன்னது நான்தானே என்று சொல்லி டீச்சர் என்னை விட்டுவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை எனக்கு. அதையும் அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அதோடு விடவில்லை.

"என் கிளாஸ்ல சில பசங்க தப்பாப் போட்ட கணக்கை அழிச்சிட்டு, விடையை மட்டும் சரியா எழுதி வெப்பாங்க. எனக்குக் கோவம் தப்பாப் போட்டதுக்கு இல்ல செல்வம், அழிச்சதுக்கு."

ஏழு தப்படி

அதற்குப் பிறகு என் கடையில் முன் பிரேக்கைத் தளர்த்துவதில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன். சந்து காலியாக இருக்கும் காலை வேளையில் இரண்டு வாளித் தண்ணீரைத் தெளித்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். மெதுவான ஒரே வேகத்தில் அவர்கள் வண்டியிலேயே இரண்டு தடவை வருவேன். முதல் தடவை கோட்டைத் தொட்டதும் பின் பிரேக் மட்டும். இரண்டாம் தடவை வண்டியை நேராக வைத்து இரண்டையும் பிழிந்தாற்போல, கொஞ்சம் கொஞ்சமாக. நின்ற இரண்டு இடத்திலும் கோடு போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பேன். இதைப் பார்க்கப் பொறுமை இல்லாத இருவர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

மந்தைவெளி மாமாவும் வழக்கம்போல வந்தார். அவர் வண்டியில் தளர்த்தியதை அங்கேயே முடுக்கிவிட்டு, அதே வேடிக்கையை அவருக்கும் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே தானே நடந்து அளந்தார். ஏழு தப்படி. நம்பாமல் திரும்பவும் அளந்தார். டீச்சர் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. இரண்டாவது கோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டார். எப்போதும் சிரிக்கிற மனிதர், அன்று சிரிக்கவில்லை.

"இந்த ஏழு தப்படிக்குள்ளதான் அவா விழுந்தாளா?"

சுற்றும் சக்கரம்

டீச்சர் இப்போது பள்ளிக்கு பஸ்ஸில் போகிறார். போர்டில் பிள்ளைகள் எழுத, இவர் பக்கத்தில் நின்று சொல்கிறார். ஸ்கூட்டரை விற்கவில்லை, என் கடையில்தான் நிற்கிறது. கட்டுப் பிரித்த பிறகு ஒரு சனிக்கிழமை வந்து வண்டிமேல் உட்கார்ந்தார். முன்பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடச் சொன்னார். வலது பிரேக்கில் நாலு விரலையும் வைத்து அழுத்தினார். பிடி அசையவில்லை. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றி, தானாக ஓய்ந்தது. "பிரேக்கை நீ டைட் வெச்சிட்ட. கையை யாரு வெப்பா?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது.

மாதம் ஒரு சனிக்கிழமை என்று வழக்கமாகிவிட்டது. நான் சுற்றுவேன், அவர் அழுத்துவார். மூன்றாம் மாதம் பிடி கொஞ்சம் அசைந்தது. ஐந்தாம் மாதம் உள்ளே உரசுகிற சத்தம் கேட்டது, ஆனால் சக்கரம் நிற்கவில்லை. ஏழுமலை அந்தப் பக்கம் போனால் மொபெட்டை நிறுத்தி, பார்த்துவிட்டுப் போவான். போன சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். டீச்சர் குடையை மடக்கி வைத்துவிட்டு வண்டிமேல் ஏறினார். சுற்றினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நெற்றியில் வியர்த்துவிட்டது. சக்கரம் உரசியது, தயங்கியது, நின்றது. குனிந்திருந்த நான் நிமிரவில்லை, என் முகத்தை அவர் பார்ப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்து எடுத்தார். எடுத்து மறுபடியும் பிரேக்மேல் வைத்தார்.

"இன்னொரு தரம் சுத்துப்பா."

ஊரில் உள்ள வண்டியை எல்லாம் நிற்கவைக்கத் தெரிந்த எனக்கு, 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொள்ள இன்னொருவருடைய மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது.