எங்கள் வீட்டு மஞ்சள் கண்

என் மதினியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் அம்மாவின் கண்தான். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பிள்ளைகள் வார்டு. டாக்டரம்மா, அம்மாவின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நாளா இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்கிறார். அம்மா அசரவே இல்லை. "அது மஞ்சள் இல்ல டாக்டரம்மா, எங்க வீட்டு ஆட்களுக்குக் கண்ணே அப்படித்தான்" என்கிறாள். கட்டிலில் பெரியண்ணனின் மகனை மடியில் போட்டுக்கொண்டு மதினி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் அடக்கியது சிரிப்பையா அழுகையையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொன்னது பொய்யில்லை. முக்கூடலில் எங்கள் வீட்டை அடையாளம் சொல்வதே "மஞ்சக்கண்ணு வீடு" என்றுதான். அம்மா, இரண்டு அண்ணன்மார், கடைக்குட்டிப் பெண்ணான நான் எல்லோருக்கும் ஒரே கண். வருசத்துக்கு ஒரு தடவையாவது யாருக்காவது காமாலை முற்றும். உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள் அம்மா. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. கொஞ்ச நாளில் தெளிந்துவிடும், அடுத்த வருசம் திரும்ப வரும். இதென்ன ஓயாத காமாலை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விலங்கியல் படிக்கிறேன் என்று தினமும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்த எனக்கும்தான் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து பெரியண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் மதினி. வாய் ஓயாது, சிரித்தால் தெருவுக்கே கேட்கும். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முங்குவாள். "நீயும் தொறந்து பாரு, மீனெல்லாம் ஒன்னையப் பாத்துச் சிரிக்கும்" என்று என் தலையைப் பிடித்து அமுக்குவாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சேக்காளி அவள்தான். எனக்கு அவளை அத்தனை பிடிக்கும்.

பிள்ளை பிறந்ததே மஞ்சளாகத்தான். "மாசமா இருக்கும்போது வாயைக் கட்டல, கண்டதையும் தின்னா" என்று அம்மா தொடங்கிவிட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் மஞ்சள் எல்லாம் குலப்பெருமை, அந்தக் குழந்தையின் மஞ்சள் மட்டும் மதினி செய்த குற்றம். பிள்ளை நடக்கப் பழகியபின் ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் விட்டதும் ஆள் வெளுத்துப் போனான். உதட்டில் கூட நிறமில்லை. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் அம்மா மதினியின் அப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். "அவ ரத்தம் சரியில்ல. அவளைக் கூட்டிட்டுப் போய் வைத்தியம் பாக்கட்டும். பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்." எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளையைப் பிரித்து அனுப்பப்பட்ட பெண்கள் திரும்பி வந்தது அபூர்வம். பெரியண்ணன் வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நின்றான். அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று வந்தது எனக்கு. மதினி மட்டும், "எம்பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன் அத்தை" என்றாள்.

டாக்டரம்மாவோ, பிள்ளைக்கு வேறொருவர் ரத்தம் ஏற்றியிருப்பதால் அவன் ரத்தத்தைப் பார்த்துப் பயனில்லை, பெற்றவர்களுடையதைப் பார்க்கவேண்டும் என்றார். "இவளுக்கு மட்டும் பாருங்க, போதும்" என்று அம்மா முன்னால் வந்து நின்றாள். வந்து நின்றதால்தான் அவள் கண் டாக்டரம்மாவின் கண்ணில் பட்டது. இமையை இழுத்துப் பார்த்தவர், அம்மாவைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கி, "இது என்ன கட்டி?" என்றார். "அது சின்ன வயசிலேருந்தே கிடக்கு" என்றாள் அம்மா. அவளுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள்.

சோதனை எளிமையானது. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த தண்ணீரில் ரத்தத்தை விடுவார்கள். உப்பு குறையக் குறையச் சிவப்பணு தண்ணீரை உறிஞ்சி உப்பும். மதினியின் அணுக்கள் தாக்குப்பிடித்தன. அம்மாவுடையதும் அண்ணனுடையதும் வெகு சீக்கிரமே வெடித்துவிட்டன. சிவப்பணுவின் மெல்லிய தோலுக்கு அடியில் புரத இழைகளால் பின்னிய ஒரு வலை இருக்கிறதாம். தோலும் வலையும் ஒழுங்காகக் கோத்திருக்கும்வரை அணு தட்டையாக, தொளதொளவென்று இருக்கும், தன்னைவிடச் சின்னச் சந்திலும் வளைந்து நெளிந்து போய்விடும். எங்களுக்கு அந்தப் பிணைப்பு பிறவியிலேயே தளர்வு. தோல் துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, அணு உருண்டு விறைத்துவிடுகிறது. மண்ணீரலின் சந்துகளில் நுழையமுடியாமல் மாட்டிச் சிதைகிறது. சிதைந்ததன் நிறம்தான் எங்கள் கண்ணில் தெரிந்தது. அப்படி வீங்கிப்போன மண்ணீரல்தான் அம்மாவின் விலாவுக்குக் கீழே கட்டியாகக் கிடந்தது.

எனக்கே அது பாதிதான் புரிந்தது. மதினிதான் அம்மாவுக்கு விளக்கினாள். "அரிசிப் பைய பாதி ரொப்புனா பஸ் சீட்டுக்கு அடியில தள்ளிரலாம்லா அத்தை? முட்ட ரொப்புனா போகுமா? அப்படித்தான்." குத்தல் இல்லாமல், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னாள். அம்மா, மகளைக் கூட்டிப்போக வந்து நின்ற சம்பந்தியிடம் திரும்பி, "சாப்ட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. ஒங்க மவ இங்கனதான் இருப்பா" என்றாள்.

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நான்தான் கொதித்தேன். மதினி சிரித்தாள். "டாக்டரம்மா ஒங்கம்மா இமையப் பிடிச்சு இழுத்தாவளே ஒரு இழுப்பு, எனக்கு அது போதும் பிள்ள."

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் மண்ணீரலை எடுத்தார்கள். ஓடியாடி வளர்ந்துவிட்டான். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசினால் ஜாதகத்துக்கு முன்னால் ரத்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வழக்கம் தானாக வந்துவிடவில்லை.

சின்னண்ணனுக்குச் சேரன்மாதேவியில் பெண் பார்க்கப் போனோம். போகும்போதே பஸ்ஸில் அம்மா, "அங்கன வந்து ரத்தம் கித்தம்னு எவளும் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். மதினி வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெண் லட்சணம், பேச்சு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூத்த மருமகள் பூ வைக்கட்டும் என்று அம்மாவே மல்லிகைச் சரத்தை எடுத்துக் கொடுத்தாள். மதினி அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் அம்மாவிடம் திரும்பினாள்.

"பூ வைக்குததுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். இந்த வீட்டு ரத்தத்துல ஒரு குறை உண்டு. மாப்பிள்ளைக்கும் உண்டு. பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். வைத்தியம் இருக்கு, எம்மவன் நல்லாத்தான் இருக்கான். ஆனா நாளைக்கு ஒங்க மவள ஒருத்தரும் குத்தம் சொல்லிரக் கூடாது."

அம்மா எழுந்தாள். செத்தோம் என்று நினைத்தேன்.

"அவ சொல்லுதது நெசம்" என்றாள் அம்மா. "அது எங்கிட்ட இருந்து வந்தது. தெரியாம இவளப் போட்டுப் பாடாப் படுத்திட்டேன்."

பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். திரும்பவும் பஸ் ஏறினோம். மதினியின் மடியில் இலைப் பொட்டலமாக அந்தச் சரம் கிடந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் அம்மா எட்டி அதை எடுத்தாள். "திரும்புளா அங்கிட்டு" என்று மதினியின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவ்வளவு பூவையும் அவள் தலையில் வைத்துவிட்டாள்.