இருபது விநாடி அசையாவிட்டால்

என் அண்ணனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'வெளிச்சம்' என்றால்தான் தெரியும். வீடுகளுக்கு இணைய லைன் இழுக்கிற வேலை அவனுக்கு. கம்பத்தின் மேலே தொங்கிக்கொண்டு, வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்த்து, "வெளிச்சம் வருதா? வெளிச்சம் வருதா?" என்று தெருவே அதிரக் கத்துவான். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்கிறானாம். அந்தக் கத்தலில் ஒட்டிக்கொண்ட பெயர்தான். அவனும் பழகிவிட்டான். வேறு பெயர் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் அவன் தங்கை. அதே கம்பெனி ஆபீஸில் புகார் போன் எடுப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது ஒரே மந்திரத்தைச் சொல்கிறேன்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்ணுங்க." பாதிப் பழுது அதிலேயே ஓடிவிடும். மீதிப் பாதிக்கு அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவான். எங்கள் வீட்டில் மிக்ஸி மக்கர் பண்ணினாலும் அதே வைத்தியம்தான். என் முட்டியை மட்டும் ஆஃப் பண்ண ஸ்விட்ச் இல்லை, இருந்தால் அதையும் பண்ணியிருப்பேன்.

அண்ணனுக்கு ஒரே பெண். அண்ணி போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. கீழ்வீட்டில் அண்ணன், மாடியில் நான், நடுவில் படிக்கட்டில் அவள் என்று வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை போனில் முகம் காட்டுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக மீதி வாரம் முழுவதையும் அண்ணன் தள்ளிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

முதல் வருஷங்களில் வீட்டில் இருந்தது பழைய செம்புக் கம்பி லைன். அதில் அவள் முகம் வந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டுமே! மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பேசிக்கொண்டே இருப்பாள், அரைக்கண் மூடியபடி படம் அப்படியே நின்றுவிடும். நின்றது தெரியாமல் நான் ஒருநாள் கால் மணி நேரம் என் முட்டிவலியைப் பற்றி அந்தப் படத்திடம் புலம்பியிருக்கிறேன். அண்ணன் உடனே எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகுவான். லைன் வந்ததும் அவள் சிரிப்பாள். "போச்சாப்பா? போகும்னு தெரியும்ப்பா."

கண்ணாடி இழை லைன் எங்கள் தெருவுக்கு வந்தபோது முதல் இழையை அண்ணன் தன் வீட்டுக்குத்தான் இழுத்தான். ஓர் இழையையும் இன்னோர் இழையையும் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசியுமாம். மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்து, வெட்டி வெட்டி, அந்த ஓர் ஒட்டைப் பதின்மூன்று தடவை ஒட்டினான். ஊரார் வீட்டுக்கு ஒரு தடவையில் சரி என்று இறங்கிவிடுகிறவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அவன் அடித்த பெருமை இன்னும் என் காதில் இருக்கிறது. "இனிமே உங்கப்பன் வீட்டு லைன் கட்டாகவே ஆகாதும்மா. ஆச்சுன்னா மீசைய எடுத்துடறேன்!"

"எழுதிக் குடுங்கப்பா," என்றாள் அவள்.

அதோடு விட்டானா? ஒரு செருப்புக் கடை வாசலில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த ஆளுயரத் திரை பாழாகிப் பின்பக்கம் கிடந்தது. கேட்டு வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் இருந்து வெளிச்சம் கொடுக்கிற விளக்குப் பட்டைகள் எரிந்துபோயிருந்தன. நான்கு உடைந்த டிவிகளிலிருந்து பட்டைகளைக் கழற்றி வைத்துக் கட்டினான். முதலில் அவள் முகம் நீலமாக வந்தது. "என் மருமகளா, முங்கிச் செத்தவளா?" என்று கத்தினேன். இரண்டு மாதம் கண்டதையும் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் தோல் நிறத்தைக் கொண்டுவந்துவிட்டான். ஊருக்குப் போகிற அன்று வாசல் நிலையில் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தான். அந்தக் கோட்டுக்கு நேரே அவள் தலை வருகிற மாதிரித் திரையைச் சுவரில் நிறுத்தினான். அவள் அங்கே போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போனால், இங்கே நம் எதிரில் நிற்பது போலவே இருக்கும். முதல் நாள் அப்படி வந்து நின்றபோது நான் என்னை அறியாமல், "உக்காருடி, எவ்ளோ நேரம் நிப்ப?" என்றேன்.

ஒரே ஒரு குறை. அவள் இடது தோள் பக்கமாக மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு, நூல் கனத்துக்கு. அது அடிக்கடி சிமிட்டும். திரையின் ஓரத்தில் கம்பிகள் ஒட்டுகிற இடத்துக் கோளாறு, கையால் சரிசெய்ய முடியாது என்றான். அந்தக் கோடு பின்னால் செய்த வேலை அப்போது எங்களுக்குத் தெரியாது.

எந்த லைனும் நின்றுபோகாமல் இருக்காது. மாதத்துக்கு ஒருமுறை மோடமே விறைத்துப்போய் உட்காரும். மீசைக்குப் பயந்து மகளிடம், "கை பட்டுக் கட்டாயிடுச்சும்மா" என்று சமாளிப்பான். அப்படி ஒருமுறை அண்ணன் பிளக்கைத் தேடிப் போய் வருவதற்குள் ஐந்து நிமிஷம் போய்விட்டதாம். அவனுடைய ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிஷம்! அந்த வயிற்றெரிச்சலில் ஒரு கருவி செய்தான். பழைய மொபைல் ஒன்றை முக்காலியில் நிறுத்தி, அதன் கேமரா பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்படி வைத்தான். அவள் அழைப்பில் இருக்கும்போது திரையில் படம் இருபது விநாடி அசையாவிட்டால், மோடத்துக்குப் போகிற மின்சாரத்தை அது நிறுத்தும், பத்து எண்ணும், மறுபடி கொடுக்கும். என் வேலையைப் பிடுங்கி ஒரு டப்பாவுக்குள் போட்டுவிட்டான். நான் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தேன். பச்சைக் கோடு சிமிட்டுவதைப் பார்த்து வாட்ச்மேன் ஏமாந்துவிடக் கூடாது என்று, சின்னச் சின்ன அசைவை எல்லாம் கணக்கில் எடுக்காதே என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தான். கையோ தலையோ ஆடினால்தான் அதற்கு அசைவு. மூச்சு விடுவது, கண் கலங்குவது எல்லாம் அதற்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபீஸில் டியூட்டி. இரவு வந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டேன். "நல்லாருக்கா," என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை, வேலை இருக்கிறது என்று இரண்டு வரி அனுப்பியிருந்தாள். அண்ணன் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். கேட்டால் ஏணியைத் துடைக்கப் போய்விடுவான். சரியான கல்லுளிமங்கன்! புதன்கிழமை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி லைனை மூன்றாம் மாடிக்கும், மூன்றாம் மாடியை இரண்டாம் மாடிக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். இத்தனை வருஷத்தில் செய்யாத தப்பு. இரண்டு வீட்டுக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டு லைனைத் திறந்து பார்த்தேன். நான் டியூட்டியில் இருந்த அந்த ஞாயிறு, சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஒரு பதிவு இருந்தது. 'கடைசி மூச்சு' என்று நாங்கள் சொல்வோம். இழை அறுந்தால் மோடம் பேச்சில்லாமல் போய்விடும். மின்சாரம் போனால் மட்டும், சாகிற நேரத்தில் 'நான் போகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போகும். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அந்த நேரத்தில் கடைசி மூச்சு இல்லை. அப்படியானால் தெருவில் மின்சாரம் போகவில்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாட்ச்மேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அண்ணன் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். திரை அணைந்து கிடந்தது.

"அந்த ஞாயித்துக்கிழம அஞ்சு நாப்பத்திரண்டுக்கு என்னண்ணே நடந்துச்சு? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அணைந்த திரையைப் பார்த்தபடியே சொன்னான். "அவளுக்கு வேலை ஒப்பந்தம் முடியுதாம். அந்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசுல கையெழுத்து போடணும்னா. 'அப்பா, போடாம நான் அங்கயே வந்துடட்டுமா?'ன்னு கேட்டா."

"ஐயோ! நீ என்ன சொன்ன?"

"ஆறு வருஷமா அத வாய்ல வந்தும் வெளிய விடாம வச்சிருந்தேன். நான் வான்னு சொல்லி அவ பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு. திடீர்னு அவளே கேக்கவும் வார்த்தையத் தேடிக்கிட்டு நின்னுட்டேன். அவளும் அப்படியே என்னப் பாத்துக்கிட்டு நின்னா. ஆடல, அசையல. சொல்லிடலாம்னு வாயத் திறக்கறேன், படார்னு இருட்டாச்சு."

"வாட்ச்மேன்!"

"ம். லைன் வந்ததும் நானே கூப்பிட்டேன். 'சும்மாதாம்ப்பா கேட்டேன், விடுங்க, வேலைக்கு நேரமாச்சு'ன்னுட்டா. மனசு மாறிட்டாபோலன்னு நானும் விட்டுட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மனசு மாறலண்ணே! நீ போன வச்சுட்டேன்னு நினைச்சிருக்கா! வரட்டுமான்னு பொண்ணு கேக்குது, அப்பன் ஒரு வார்த்த பேசல, கட் ஆகுது. வேற என்ன நினைப்பா?"

"லைன் போச்சுன்னு நினைக்க மாட்டாளா?"

"உன் வீட்டு லைன் கட்டாகவே ஆகாதுன்னு மீசையப் பந்தயம் வச்சது யாரு? பழைய செம்புக் கம்பியா இருந்திருந்தா சிரிச்சிட்டு மறுபடி கேட்டிருப்பா!"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன் இவ்வளவு கத்தினோம் என்று இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. திரையைப் போட்டேன், அவளைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். பரிசோதனைக்கூடத்து வெள்ளைக் கோட்டோடு, ஏதோ மாடிப்படி ஓரத்தில் நின்று எடுத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "என்ன அத்தை, வார நாள்ல? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்கப்பனுக்கு ஒண்ணும் இல்லடி. அன்னிக்கு அவன் போன வைக்கல. படம் நின்னா மோடத்த அணைச்சுப் போட ஒரு டப்பா செஞ்சு வச்சிருக்கான், அந்தப் பாழாப்போன வாட்ச்மேன் வச்சுது. நீங்க ரெண்டு பேரும் செல மாதிரி நின்னீங்களாம், படம் நின்னுபோச்சுன்னு அது மோடத்த அணைச்சிடுச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பதிவே இருக்கு, வேணும்னா படம் புடிச்சு அனுப்பறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். "அப்போ நீங்க என்னப்பா சொல்ல வந்தீங்க?"

"வா," என்றான் அண்ணன். "வாம்மா. வந்துடு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்துக் கையை எடுத்தாள்.

"போன வெள்ளிக்கிழமையே கையெழுத்து போட்டுட்டேன்ப்பா. இன்னும் மூணு வருஷம். நடுவுல விட முடியாது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கண்ணீர் வழிந்தது, வேறு எதுவும் அசையவில்லை. அண்ணனும் நின்றான். எட்டு, ஒன்பது என்று என் மனசு தானாக எண்ண ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் முக்காலி கண்ணில் பட்டது.

"அண்ணே, வாட்ச்மேன்!"

அதைப் பிடுங்கவும் முடியாது. மோடத்துக்கு மின்சாரம் போவதே அது வழியாகத்தான். அண்ணன் ஒரே தாவில் முக்காலிப் பக்கம் போய், அந்த மொபைலின் கேமராவுக்கு முன்னால் கையை நீட்டி ஆட்டத் தொடங்கினான். இப்படியும் அப்படியும், விடாமல்.

திரையில் அவள் முகம் சுருங்கியது. "ஏம்ப்பா கை காட்டறீங்க? போன வைக்கணுமா?"

"இல்லம்மா, இல்ல! நீ அழு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் அழு. லைன் போகாம நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அழுதுகொண்டே கையை ஆட்டினான். வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாற்றினான். ஒரு தடவைகூட அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆறேழு நிமிஷம் போயிருக்கும். அவன் தோள் நடுங்குவதைப் பார்த்தேன்.

"நகரு. நீ போய் அவகிட்ட பேசு," என்று முக்காலி பக்கம் போய் நின்றேன். அவன் போய்த் திரைக்கு எதிரில், அவள் உட்கார்ந்திருந்த உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தான். நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.