பரிசுக்கு உடுப்புத் தைத்தவன்

பரிசு சுற்றுகிற தொழிலில் உள்ள பெரிய குறை என்னவென்றால், அதை அவிழ்க்கிற நேரத்தில் நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்குள் தனியாக இருந்து கைவேலை செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குக் கூடாரமும் கொடியும் தைத்தவன். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனபோது என் வேலையும் போனது. பிறகு மனைவி காய்ச்சலில் போனாள். ஒரே மகள் ரெஜினா, கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பையனை, கோயிலில் இல்லாமல் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்துக்கொண்டு போனாள். "இனி இந்தப் படி ஏறாதே" என்று சொன்னவன் நான்தான். அவள் சொல் கேட்கிற பிள்ளை, ஏறவே இல்லை.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் அது. பரிசு சுற்றுகிற பூப்போட்ட கடதாசியைக் கடைகளில் கண்ணாலும் காண முடியாது. தையற்கடை வெட்டுத்துண்டுகளைப் பொருத்தி, ஓரம் மடித்து, பரிசு சுற்றுகிற துணிகளும் விசேஷ வீடுகளுக்குத் தோரணமும் தைக்கத் தொடங்கினேன். வயிற்றுப்பாட்டுக்கு என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில், என் கதவை யாராவது தட்டவேண்டும் என்பதற்காகத்தான்.

அவிழாத முடிச்சு

மூதூரிலிருந்து கடல் தாண்டி லோஞ்சில் வந்த ஒரு முஸ்லிம் அம்மா, தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கிய சுவர் மணிக்கூட்டைச் சுற்றித் தரச் சொன்னார். பச்சைத் துணியில் சுற்றி மேலே ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது, புயல் காற்றில் கூடாரம் பறக்காமல் போடுகிற முடிச்சு ஒன்றுதான். இழுக்க இழுக்க இறுகும்.

கலியாண வீட்டில் பெண் இழுத்துப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் குசினியிலிருந்து கத்தி வந்திருக்கிறது. அடுத்த கிழமை அந்த அம்மா வெட்டுப்பட்ட துணியோடு வந்து, கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் என்னை ஏசினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வீட்டுக்குள் அவ்வளவு நேரம் ஒரு மனுஷக் குரல் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று எதிரே குந்திக்கொண்டிருந்தேன். லோஞ்சுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பியவர் வாசலில் நின்று சொன்னார்:

"நான் கேட்டது பரிசுக்கு முடிச்சு, அண்ணன். நீங்க போட்டது கப்பலுக்கு."

மஞ்சள் தோரணம்

தளத்தை மூடும்போது கழித்துவிட்ட கொடித்துணி ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருந்தது. டவுனில் ஒரு கலியாண வீட்டுக்குத் தோரணம் கேட்டார்கள். மஞ்சள் மங்களமான நிறமாயிற்றே என்று, பெட்டியில் கிடந்த மஞ்சள் கொடிகளையெல்லாம் பொறுக்கி வாசலிலிருந்து தெருவைத் தொடுகிற ஒழுங்கை முனை வரைக்கும் கட்டிவிட்டேன். வடிவாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரோடு துறைமுகத்தில் சமிக்ஞைக் கொடி காட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்தார். ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டார். தனி மஞ்சள் கொடி ஏற்றினால், கப்பலில் தொற்றுநோய் இருக்கலாம், டொக்டர் பார்க்கும்வரை ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்று அர்த்தமாம். வருஷக்கணக்காக அந்தக் கொடியைத் தைத்த எனக்கு அது தெரியாது. தைக்கிறவனுக்கு அளவு மட்டும்தான் சொல்லுவார்கள். பெரியவர் சிரிக்காமல் விளக்கம் சொல்ல, மாப்பிள்ளையின் தாய் முகம் கறுக்க, நான் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பெண்ணின் தகப்பன் வேர்த்து விறுவிறுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்து இறங்கியபோது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பந்தியில் போய் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கோபிக்கிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்தார்:

"குறை நினையாதேங்கோ. நீங்களும் ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுத்துப் பாத்தாத்தான் இந்தப் பதட்டம் விளங்கும்."

திரும்பி வராத துணிகள்

கதவு தட்டும் சத்தம் போதாமல் போனது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். பரிசை அவிழ்த்த பிறகு துணியைக் கொண்டுவந்து தந்தால், தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கி, அடுத்த விசேஷத்துக்குச் சும்மா சுற்றித் தருவேன். ஒரு துணிக்கு இரண்டு வருகை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருவரும் வரவில்லை. துணி மட்டும் ஊரெல்லாம் திரிந்தது. என் சிவப்புத் துணியை மீன் சந்தையில் ஒரு அம்மாவின் தலையில் கண்டேன். நீலத்தை ஒரு சைக்கிளின் ஆசனத்தில் கண்டேன். கடைசியில் தபால் கந்தோர் வாசலில், எனக்குத் தெரிந்த கிளாக்கர் ஒருவர் என் துணியில் சோற்றுப்பெட்டி கட்டிக்கொண்டு வருவதைக் கண்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஏன் தம்பி, கொண்டுவந்து தரேல்லை?" அவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்:

"கிழியிற மாதிரித் தைச்சிருந்தா நான் எப்பவோ வந்திருப்பன், அண்ணை. ரெண்டு வருஷமாத் தோய்க்கிறம், ஒரு நூல் போகேல்லையே!"

கந்தளாய்க்குப் போன பார்சல்

கந்தளாயில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர், ஊருக்கு வந்த இடத்தில், பிறந்தநாள் பரிசு ஒன்றைச் சுற்றக் கொண்டுவந்தார். ஆருக்கு என்று கேட்டேன். கதையை நீட்டத்தான் கேட்டேன். "பக்கத்துக் குவாட்டர்ஸில எங்கட திருகோணமலைப் பிள்ளை ஒண்டு இருக்கிறா, ரெஜினா எண்டு. அவவின்ர மகனுக்கு ஒரு வயசு" என்றார்.

எனக்குப் பேரன் இருப்பதே அப்போதுதான் தெரியும். என் மகள் என்று வாய் திறந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, இருந்ததில் நல்ல துணியை எடுத்து, தளத்தில் தைத்ததுபோல ஓரத்தை மூன்றாக மடித்து, இரண்டு வரி தையல் போட்டுச் சுற்றிக் கொடுத்தேன். பேர் எழுதவில்லை. அதன் பிறகு ஒரு மாதம், வாசல் படலை ஆடினாலும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் காற்றுத்தான்.

ஒருநாள் ரீச்சரே வந்தார். கதிரையில் இருக்கவில்லை. ரெஜினா உள்ளே இருந்த விளையாட்டுச் சாமானைப் பார்க்கவில்லையாம். துணியின் ஓரத்தைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே இருந்தாளாம். "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்று குறைப்பட்டுவிட்டு, அவள் கேட்டதை அப்படியே சொன்னார்:

"'துணி வந்திட்டுது ரீச்சர், அப்பா வரேல்லையோ?' எண்டு கேட்டவ. நான் என்ன சொல்லுறது, ஐயா?"

ஊராரின் பரிசுகளையெல்லாம் மூலை மடித்து அழகாகச் சுற்றிக் கொடுத்த நான், ஏழு வருஷம் பிந்திக் கந்தளாய் பஸ் ஏறிய அன்று, பேரனுக்கு வாங்கிய மரக்குதிரையைச் சுற்ற மறந்து, அதன் காலைப் பிடித்துக்கொண்டே போய் இறங்கினேன்.