என் மாடியிலிருந்து எடுத்த படம்

தேர்தல் பிரிவில் இருந்தபோது, புகார் கொடுப்பவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடியவன் நான். ஓய்வு பெற்றபின் அதற்கென்று செயலியே வந்துவிட்டது. பெயர் கேட்காது. படம் எடுத்து அனுப்பினால் போதும்.

முதலியார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒருநாள் பட்டப்பகலில் வாக்காளர்களுக்குப் புடவை கொடுத்தார்கள். மாடியிலிருந்து படம் எடுத்து அனுப்பினேன். உடனே பறக்கும் படை வந்தது. என் வாழ்நாளில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

அதிகாரி தன் கைப்பேசியை எதிர்வீட்டுக்காரரிடம் நீட்டி, "இது உங்க வீடுதானே?" என்றார். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நேராக என் மாடியைப் பார்த்தார். பெயரை மறைக்க யோசித்த எங்களில் ஒருவரும், படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறைக்க யோசிக்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு கதவைத் தட்டினார். "படம் நல்லா வந்திருக்கு சார். வாசல் கோலம்கூடத் தெரியுது. உங்க வீட்டம்மா தினம் காலைப் பூசைக்குத் தனியாத்தானே போறாங்க? பாத்துப் போகச் சொல்லுங்க. ரோட்ல வண்டிங்க ஜாஸ்தி."

அவர் போனதும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். "மிரட்டுனாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். பேரு, விலாசம் கண்டிப்பா வேணும்," என்றார் பேசியவர். போனை வைத்துவிட்டேன்.

"சட்டம்லாம் உங்களுக்கு அத்துப்படியாச்சே," என்றாள் மனைவி. "இப்ப என்னங்க பண்றது?"

மறுநாள் காலை நானும் அவளோடு பூசைக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார்.

"இன்னிக்கு ரெண்டு பேருமா?" என்றார்.