யாருமே எட்டிப் பார்க்கவில்லை

"மூணு நாளா ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல சார். நாங்க செத்தமா இருக்கமான்னு கேக்க நாதியில்ல."

இதைச் சொன்னது நான்தான். பருத்திப்பட்டில், ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு டிவி சேனலின் மைக்கில் சொன்னேன். பச்சைப் பொய். அந்த மூணு நாளும் எங்களை வந்து பார்த்த மனுஷன், கேமராக்காரருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றிருந்தார். அவர் கையில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்த பால் பாக்கெட்டுகள் இருந்தன.

அவருக்கு வேலை, தேங்கின தண்ணீரை டீசல் மோட்டார் வைத்து இறைப்பது. காண்ட்ராக்ட் ஆள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை யக்கா என்பார். ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த அன்று காலையிலேயே மோட்டாரோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கே போகவில்லை. தெருமுனையில் மூடிக்கிடந்த டிபன் கடை வாசலில் படுத்துக்கொண்டார்.

ரெண்டாம் நாள் என் வீட்டுக்காரருக்குப் போடும் சர்க்கரை ஊசி மருந்து வீணாகிவிட்டது. கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. நான் வாசலில் நின்று புலம்பினது அவர் காதில் விழுந்திருக்கிறது. "இன்னா யக்கா, இதுக்குப் போய் பேஜாராவுற? சீட்டக் குடு" என்று மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். மெயின் ரோடு வரைக்கும் தண்ணீரிலேயே நடந்து, புது மருந்தை ஐஸ் கட்டியோடு டப்பாவில் வைத்து, தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு என் புருஷன் உட்கார்ந்து டீ குடித்தார். அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் இல்லவே இல்லை என்று சொன்னேன். சே, என்ன ஜென்மம் நான்!

ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமா? இல்லை. யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, தண்ணீரில் நிற்கிற பெண்கள் பேசுவதைப் பார்ப்போம். யாரும் வரலை, எட்டிப் பாக்கலை, நாதியில்லை. வருஷா வருஷம் அதே பேச்சு. எப்போது பார்த்தாலும் தென்சென்னையையே காட்டுகிறான், ஆவடிப் பக்கம் பெய்வதெல்லாம் மழை இல்லையா என்று எங்கள் தெருவுக்கே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றதும் பெண்கள் எல்லாம் தலை வாரிக்கொண்டு ஓடினோம். பிறகு, வாரின தலை எடுபடாதே என்று பக்கத்து வீட்டம்மாதான் என் முடியைக் கலைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் கலைத்தாள், நானும் சிரித்தேன்.

என் வாசலில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். மோட்டார் இறைத்து வடிந்துவிட்டிருந்தது. மைக் வைத்திருந்த பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் ஆழமா இருக்கிற இடத்துல நிக்கறீங்களா?" என்றாள். நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய், காலி மனைப் பள்ளத்தில் இறங்கி நின்றேன். மைக்கைப் பிடித்திருந்தது என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பொண்ணு. ஆனாலும் "சார்" என்றுதான் ஆரம்பித்தேன். டிவியில் எல்லாரும் சார் என்றுதானே சொல்கிறார்கள்? வாயைத் திறந்தேன், வந்து கொட்டியது. அழுகைகூட வந்தது. அது நடிப்பில்லை, நிஜமாகவே என் நிலைமையை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

முடித்ததும் தெருவே கைதட்டியது. அவர் பால் பாக்கெட்டுகளை எங்கள் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் என்னைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். பூந்தமல்லியிலிருந்து நாத்தனார் போன் செய்து அழுதாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு பேக்கிங்கில் வேலை செய்கிறவர்கள், பின்னிட்டே போ என்றார்கள். கரண்ட் வந்ததும் முதல் காரியமாக அதை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். சொல்லவே கூசுகிறது. சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் மோட்டார் பக்கத்தில் வேறு ஆள். "முந்தி இருந்தவரு எங்க?" என்றேன்.

"அவர நிறுத்திட்டாங்கம்மா. டிவில வந்துச்சே, யாருமே வரலன்னு. மேல இருந்து கேட்டாங்களாம், மூணு நாளா அங்க உன் ஆளு இன்னா பண்ணிகினு இருந்தான்னு. காண்ட்ராக்ட்காரரு இவரக் கை காட்டிட்டாரு."

அந்த மைக் பெண்ணிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, பாவமே. ஆனா இப்ப தண்ணி வடிஞ்சிடுச்சேம்மா, எத எடுத்துக் காட்டறது" என்றாள். அவளுடைய கவலை அவளுக்கு.

நேராக, மோட்டார் வேலையைக் காண்ட்ராக்ட் விட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "வாங்கம்மா, டிவில பாத்தேனே. என் சம்சாரம்கூடக் கண்கலங்கிட்டா" என்று நாற்காலி போட்டார். அந்த ஆள் தினமும் வந்தார் சார், மருந்தெல்லாம் வாங்கிக் கொடுத்தார் சார் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"டிவில சொன்னது பொய்யின்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னிக்கே அவர வேலைக்குக் கூப்பிடச் சொல்றேன்."

பேனா என் கையில் இருந்தது. ஒரே ஒரு வரி. நாத்தனார் ஞாபகத்துக்கு வந்தாள், கைதட்டின தெரு வந்தது, ஸ்டேட்டஸ் பார்த்த அத்தனை பேரும் வந்தார்கள். இது வெளியே போனால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? "வீட்டுக்காரரைக் கேட்டுட்டு நாளைக்கு வரேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. மறுநாளும் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மைக் முன்னால் சொன்ன பொய்யாவது தானாக வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இது நன்றாக யோசித்துச் செய்தது.

போன ஜூன் மாதம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேலப்பன்சாவடிக்குப் போனோம். கேட்டில் செக்யூரிட்டி உடுப்பில் அவர் நின்றிருந்தார். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று மகள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் அவர், "யக்கா! மாமாக்கு சுகர் எப்டி கீது?" என்றார்.

அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, என்னால்தான் உங்கள் வேலை போச்சு, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"வேலை கெடக்குது வுடு யக்கா. இதுவும் வேலதான்" என்றார். "ஊட்லதான் யக்கா பேஜாரு. மூணு நாள் ஊட்டுக்குப் போவல இல்ல? ஏரியாண்டதான் தண்ணி எறைச்சிகினு இருந்தேன்னு சொன்னா எம்பொண்டாட்டி நம்ப மாட்றா. அங்க யாருமே போவலன்னு டிவிலயே சொல்லிட்டாங்களே, நீ எவ ஊட்டுக்குப் போனன்னு கேக்குறா. இன்னி வரைக்கும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்றா. நீ ஒரு வார்த்த சொல்லேன் யக்கா."

நான் சரி என்பதற்குள் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

சொன்னேன். இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன். மோட்டார், டிபன் கடை வாசல், தலைமேல் தூக்கிவந்த மருந்து டப்பா, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் இருந்த அவர் சம்சாரம் நான் முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்டி சொல்லச் சொல்லி அவரு சொன்னாராக்கா?"

"இல்லம்மா, சத்தியமா..."

"அன்னிக்கு நீங்க அழுததப் பாத்து நானும் அழுதேன்க்கா. அது நெஜமாத்தான இருந்துச்சு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா யக்கா, நம்பிட்டாளா?"

"நம்பிட்டாப்பா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எனக்காகக் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் அவருக்குத் தெரிந்துவிடும்.